பாதியாக வெட்டிய தபால்தலை: முழு உறையையும் பார்க்காமல் விலை பேசலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பப் பெட்டிகளில் கிடைக்கும் பழைய கடித உறைகளைப் பற்றித் தாங்கள் சென்ற ஞாயிறு வெளியிட்ட கட்டுரையை ஆவலோடு படித்தேன். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் இருந்தவர்கள் செட்டிநாட்டுக்கு எழுதிய கடிதங்களை நினைவுபடுத்தியதற்காகக் கட்டுரையாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதில் ஒரு கருத்து நெருடுகிறது. உறையில் ஒட்டியிருக்கும் தபால்தலை பாதியாக வெட்டப்பட்டிருந்தால் அது மிக அரியது என்றும், வைத்திருப்பவர் அதை விலைமதிப்புக்குக் கொண்டுபோகலாம் என்றும் பொதுப்படையாக எழுதியிருக்கிறார். அதற்குச் சான்றாக அச்சிட்ட படத்திலோ, வெட்டிய தபால்தலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டிவிட்டு உறையின் மற்ற பகுதிகளையெல்லாம் கத்தரித்து விட்டிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அஞ்சல் உறைகளைச் சேர்த்து வருபவன் என்ற முறையில், அப்படிக் கத்தரித்த பகுதியில்தான் சாட்சி முழுவதும் இருந்தது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தபால்தலையை வெட்டிப் பயன்படுத்தும் வழக்கம் கற்பனையன்று. குறிப்பிட்ட மதிப்புள்ள தபால்தலை கையிருப்பில் தீர்ந்து, அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க முடியாத நிலையில், அதைவிட இரு மடங்கு மதிப்புள்ளதை மூலைக்கு மூலையாகவோ நெடுக்காகவோ வெட்டி, ஒரு பாதியைப் பாதி மதிப்புக்கு ஏற்றுக்கொண்ட அஞ்சல் நிலையங்கள் பல நாடுகளில் இருந்தன. அமெரிக்காவில் 1847இல் வெளியான முதல் பொதுத் தபால்தலைகளுள் 10 சென்ட் தலையை வெட்டி 5 சென்ட்டுக்குப் பயன்படுத்திய உறைகள் புகழ்பெற்றவை. அன்றைய டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் 1903இல் 4 சென்ட் தலையை வெட்டி 2 சென்ட்டுக்கு ஒட்ட அதிகாரிகளே அனுமதித்தார்கள். ஆகவே கட்டுரையாளர் சொல்லும் பொருள் உண்டு. ஆனால் எந்தத் தபால்தலையையும் கத்தரியால் இரண்டாக்க எவருக்கும் அரை நிமிடம் போதும் என்பதால், அந்த வெட்டு எப்போது, யாரால், எதற்காக நடந்தது என்பதை நிலைநாட்டாதவரை நம் கையில் இருப்பது கெட்டுப்போன ஒரு தபால்தலை மட்டுமே.

தங்கள் கட்டுரை வந்த மூன்றாம் நாள், எதிர் புளோக்கில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் போட்ட ஒரு கடித உறையோடு என் வீட்டுக்கு வந்து, “அண்ணே, இது எத்தனை ஆயிரம் வெள்ளி போகும்?” என்று கேட்டார். 1920களில் அவருடைய பாட்டனார் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு அனுப்பியது. வலது மேல் மூலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் குடியேற்றம்) 12 காசுத் தபால்தலையில் இடப்பக்கப் பாதி மட்டும் இருந்தது. அதன்மேல் சிங்கப்பூர் வட்ட முத்திரை ஓரளவு தெளிவாகவே விழுந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கும் ஆசை பிறந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. முதலாவதாக, அந்த ஓரம் கத்தரியாலோ பிளேடாலோ வெட்டியது போல நேராக இல்லை. நார்நாராகப் பிரிந்து, மேலே நிறம் உரிந்து, அடியில் வெள்ளைத் தாள் தெரிந்தது. இரண்டாவதாக, மற்றப் பாதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் உறையின் தாள் ஒரு முக்கோண வடிவில் சுற்றுப்புறத்தைவிட வெளுத்திருந்தது. நூறு ஆண்டு வெளிச்சமும் தூசியும் படாமல் அந்த இடத்தை ஏதோ ஒன்று நெடுநாள் மூடிப் பாதுகாத்திருக்கிறது. உறையைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடித்தபோது அந்த முக்கோணத்தில் பழைய பசை மினுமினுத்தது. மூன்றாவதாகவும் முக்கியமாகவும், முத்திரையின் வட்டக்கோடு மிஞ்சிய பாதியின் மேல் வந்து, கிழிந்த ஓரத்தில் சட்டென்று நின்று, அந்த வெளுத்த முக்கோணத்தில் அடியோடு காணாமல் போய், முக்கோணம் முடிந்த இடத்திலிருந்து உறையின் தாளில் மறுபடி தொடர்ந்தது. அதாவது முத்திரை குத்தப்பட்டபோது அங்கே முழுத் தபால்தலை இருந்தது. பின்னாளில் வீட்டுப் பிள்ளைகளில் யாரோ அதைப் பிய்த்தெடுக்கப் பார்த்துப் பாதியோடு விட்டிருக்கிறார்கள். நாங்களும் சிறுவயதில் அப்படித்தான் எத்தனையோ உறைகளைப் பாழாக்கியிருக்கிறோம். போதாக்குறைக்கு, 1920களில் இங்கே 6 காசுத் தபால்தலை தனியாகவே புழக்கத்தில் இருந்தது. அது கையருகே கிடைக்கும்போது 12 காசுத் தலையை வெட்டுவானேன்?

இந்த ஒரு உறையிலேயே அடிப்படைச் சோதனைகளில் பாதி அடங்கியிருப்பதால் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். உண்மையாகவே வெட்டி ஒட்டி அஞ்சலில் சென்ற உறையில், முத்திரையின் கோடு வெட்டிய ஓரத்தைத் தாண்டி உறையின் தாளுக்கு இடைவெளியின்றி இறங்கியிருக்க வேண்டும். மற்ற ஓரங்களைத் தாண்டியிருந்தால் போதாது, வெட்டிய ஓரத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தபால்தலைக்கும் உறைக்கும் இடையே தாளின் கனம் அளவுக்கு ஒரு சிறு படி இருப்பதால், உலோக முத்திரை அந்தப் படியில் இறங்கும் இடத்தில் மயிரிழை அளவு மை படாத இடைவெளியோ, சற்றே மை தேங்கிய தடிப்போ தென்படுவது இயல்பு. வெட்டிய பிறகு முத்திரை விழுந்திருந்தால் வெட்டுவாயில் உள்ள தாள் நார்களிலும் மை ஊறியிருக்கும். முத்திரை விழுந்த பிறகு வெட்டியிருந்தால் மைக்கோட்டின் குறுக்கே வெட்டுவாய் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். போலி செய்பவர்கள் இதையும் அறிந்தவர்கள்தாம். ஓரத்தில் நிற்கும் கோட்டைத் தூரிகையால் உறைமேல் நீட்டி வரைந்து விடுவார்கள். அப்படி வரைந்த கோட்டில் உலோகம் அழுந்திய தடம் இராது. மையின் சாயலும் பெரும்பாலும் சற்று மாறியிருக்கும், புறஊதா விளக்கின் கீழ் அந்த மாற்றம் இன்னும் நன்றாகத் தெரியும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் கைவிளக்கே இதற்குப் போதும். அதே விளக்கின் கீழ் உறையின் தாளே நீலவெள்ளையாகப் பளபளத்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தாளை வெளுப்பாக்கும் ஒளிர்வுப் பொருள்கள் பரவலானது 1950களை ஒட்டித்தான். அதற்கு முந்தைய காலத்து உறை என்று சொல்லி விற்கப்படுவது அப்படி மின்னக்கூடாது.

உறையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டுத் தாளில் ஒட்டியிருக்கும் பாதித் தபால்தலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேதி, புறப்பட்ட இடம், போய்ச் சேர்ந்த இடம் மூன்றும் ஒருசேரத் தெரியாத துண்டுக்கு நான் காசு கொடுப்பதில்லை.

இனித் தேவையைப் பற்றி. பாதி வெட்டு என்பது பற்றாக்குறையின் பிள்ளை. ஆகவே அந்த ஊரில், அந்தத் தேதியில், அந்த மதிப்புள்ள தபால்தலைக்கு உண்மையிலேயே பஞ்சம் இருந்ததா, வெட்டுவதற்கு ஆணை உண்டா என்று கேட்பது முதல் நியாயம். நம் ஊரின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1854 முதல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றிலும் இந்தியத் தபால்தலைகளே புழங்கின. 1867 செப்டம்பர் 1 அன்று, அதே இந்தியத் தபால்தலைகளின் மீது மகுடமும் காசு மதிப்பும் அச்சிட்டு, அணா கணக்கிலிருந்து காசு கணக்குக்கு மாறினார்கள். பின்னர் 1879 முதல் சில ஆண்டுகளுக்கு மதிப்புத் தட்டுப்பாடு ஏற்பட்டபோதும் இங்குள்ள நிர்வாகம் கையாண்ட வழி கத்தரியன்று, அச்சகம். 8 காசுத் தலையின்மேல் ஐந்து காசு என்றும், 32 காசுத் தலையின்மேல் ஏழு காசு என்றும், 30 காசுத் தலையின்மேல் பத்துக் காசு என்றும் புதிய மதிப்பை அச்சடித்து விற்றார்கள். மேலச்சு போட்டுச் சமாளிக்கத் தெரிந்த ஓர் அஞ்சல் துறையின் எல்லைக்குள்ளிருந்து வந்ததாகச் சொல்லி ஒருவர் பாதித் தபால்தலை உறையை நீட்டினால், அதை மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில் கூடுதலாகவே ஏறுகிறது. ஊரைக் காட்டும் முத்திரையையும் சரிபார்க்க வேண்டும். இந்தியத் தபால்தலைக் காலத்தில் சிங்கப்பூருக்கு பி 172, பினாங்குக்கு பி 147, மலாக்காவுக்கு பி 109 என்ற எண்கள் முத்திரையில் இருந்தன. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டதாகச் சொல்லும் உறையில் பினாங்கின் எண் இருந்தால் அதற்கு விளக்கம் கேட்கத்தான் வேண்டும்.

அடுத்தது கணக்கு. வெட்டிய பாதியின் மதிப்பு, அந்த நாளில், அந்த எடையுள்ள கடிதத்தை அந்த ஊருக்கு அனுப்ப ஆகும் கட்டணத்தோடு ஒத்துப் போக வேண்டும். சில சமயம் முழுத் தபால்தலைகளோடு ஒரு பாதியையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள், அப்போது எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் 1847 தலையை மறுபடி எடுத்துக்கொண்டால், அப்போது 300 மைலுக்குட்பட்ட தூரத்துக்கு 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். எனவே பாதி ஒட்டிய ஒற்றைக் கடிதம் 300 மைலுக்கு அப்பால் உள்ள ஊருக்குச் சென்றிருந்தால் ஏதோ இடறுகிறது. அந்தத் தபால்தலைகள் 1851 ஜூலை 1 முதல் செல்லாதவை ஆகிவிட்டதால், அதற்குப் பிந்தைய தேதியும் இடறும். அனுமதியில்லாத இடத்தில் பாதி ஒட்டி அனுப்பியிருந்தால், கட்டணம் குறைவு என்று சொல்லிப் பெறுபவரிடம் தண்டம் வசூலித்த அடையாளம், அதாவது நம் பெரியவர்கள் ‘பேரிங்’ என்று சொன்னார்களே அந்தக் குறியோ, பன்னாட்டு அஞ்சலில் ‘டி’ என்ற எழுத்து முத்திரையோ இருக்கலாம். இதைப் பார்த்துவிட்டு உறை கெட்டுப்போயிற்று என்று வருந்துபவர்கள் உண்டு. என் கருத்து நேர்மாறானது. தண்டக் குறியுள்ள உறையைப் பார்க்கும்போது, அஞ்சல் ஊழியர் ஒருவர் அந்தப் பாதியைக் கண்டு, ஏற்க மறுத்து, தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார் என்பது தெளிவாகிறது. போலி செய்பவர் விலை குறையும் என்று அஞ்சி அதைச் சேர்ப்பது அரிது.

இவ்வளவு நியாயம் பேசும் நானே ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பாதி வெட்டுகளில் உலகம் அறிந்தவை குவெர்ன்சி தீவின் உறைகள். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள அந்தத் தீவை 1940 ஜூன் இறுதியில் ஜெர்மானியப் படை பிடித்தது. இங்கிலாந்திலிருந்து தபால்தலை வருவது நின்றுபோனது. ஒரு பென்னித் தபால்தலை தீர்ந்துவிட்டதால், இரண்டு பென்னித் தலையை மூலைக்கு மூலை வெட்டி ஒரு பென்னிக்கு ஒட்டலாம் என்று 1940 டிசம்பர் 27 முதல் அனுமதித்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் அஞ்சல்தலை நூற்றாண்டுக்காக வெளியான, விக்டோரியா அரசியும் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் சேர்ந்திருக்கும் நீளமான தபால்தலையும் அப்படி வெட்டப்பட்டது. 1941 பிப்ரவரி 18 அன்று தீவின் சொந்த ஒரு பென்னித் தபால்தலை வெளியானதும் அந்தத் தேவை தீர்ந்தது. இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்து மனப்பாடமாக வைத்திருந்த நாளில், இங்கே ஒரு கடையில் அத்தகைய உறை ஒன்றை 120 வெள்ளிக்கு வாங்கினேன். தேதி 1941 ஜனவரி, அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் விழுந்தது. வெட்டு நேர்த்தியாக இருந்தது. முத்திரை வெட்டிய ஓரத்தைத் தாண்டி உறையில் இறங்கியிருந்தது. மதிப்பும் ஒரு பென்னி. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள், எனக்கு இந்தப் பொழுதுபோக்கைக் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் காட்டினேன். அவர் தபால்தலையைப் பார்க்கவே இல்லை. முகவரியைப் படித்தார். சௌத்தாம்ப்டன் நகரத் தெரு ஒன்று. “ஏம்பா, தீவு எதிரி கையில. இந்தக் கடுதாசி எப்படிக் கடலைத் தாண்டி இங்கிலாந்து போச்சு?” என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் குவெர்ன்சிக்கும் இங்கிலாந்துக்கும் இடையே சாதாரண அஞ்சல் கிடையாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகச் சில வரிச் செய்திகள் மட்டுமே போய் வந்தன. யாரோ ஓர் உண்மையான பழைய உறையில், உண்மையான தபால்தலையின் பாதியை ஒட்டி, போலி முத்திரை ஒன்றைக் குத்திவிட்டு, முகவரியை மட்டும் மறந்திருக்கிறார்கள். கடைக்குத் திரும்பிப் போனேன். விற்ற சரக்கு திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த உறை இன்றும் என்னிடம் இருக்கிறது, எனக்கு நானே கட்டிக்கொண்ட பள்ளிக்கட்டணத்தின் ரசீதாக.

அசல் தபால்தலையில் போலி முத்திரை குத்துவது தனியொருவரின் குறும்பாக மட்டும் இருந்ததில்லை. மேடம் ஜோசப் என்ற பெயரால் அறியப்படும் போலி முத்திரைக் கருவிகள் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டுத் தபால்தலைகளுக்கு முத்திரை குத்துவதற்காகவே செய்யப்பட்டவை. அவை பின்னர் லண்டன் ராயல் பிலாடெலிக் சொசைட்டி என்ற தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கத்தின் பாதுகாப்புக்கு வந்து சேர்ந்தன. முத்திரை இருக்கிறது என்பதாலேயே உறை அஞ்சலில் போயிற்று என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு வகை உறையும் உண்டு. அதைப் போலி என்றும் சொல்ல முடியாது. குவெர்ன்சியில் வெட்டு அனுமதிக்கப்பட்டவுடனேயே சேகரிப்பாளர்களும் வணிகர்களும் தங்களுக்குத் தாங்களே உறைகளை அனுப்பிக் குவித்தார்கள். அவை அஞ்சல் நிலையத்தில் முறையாக முத்திரை பெற்று, முறையாக விநியோகிக்கப்பட்டவை. ஆனால் அவற்றைப் பயணம் போக வைத்தது சேகரிப்பு ஆசை, கடிதம் எழுதும் தேவையன்று. மடிப்போ கசங்கலோ இல்லாத புத்தம்புது உறை, நடுவில் அழகாகப் பொருத்திய வெட்டு, பாதியின் மேல் அளந்து குத்திய முத்திரை, உள்ளே கடிதம் இருந்த தடமே இல்லாமை, அனுப்பியவரும் பெறுபவரும் ஒருவராகவே இருத்தல் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். இவற்றைச் சேகரிப்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று, என் ஆல்பத்திலும் இரண்டு இருக்கின்றன. மளிகைக்கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில் உறையின் விலையை இதற்குக் கொடுக்காதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

எல்லாச் சோதனையும் தாண்டிய உறை உண்மையிலேயே கைக்கு வந்தால், அதை லண்டன் ராயல் பிலாடெலிக் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நிபுணர் குழுவுக்கு அனுப்பிப் படத்துடன் கூடிய சான்றிதழ் பெறுவதே வழி. 1869இல் தொடங்கிய சங்கம் அது. சான்றிதழும் கருத்துதான், வேதவாக்கல்ல. ஆனால் விற்பவரின் வாய்ச்சொல்லைவிட மேலானது. கோல்மன் ஸ்திரீட்டில் 1995இல் திறந்த நம் தபால்தலை அரும்பொருளகம் இருந்தவரை நாங்கள் சிலர் அங்கே சந்தித்துப் பேசிக்கொள்வோம். இப்போது அந்தக் கட்டடம் சிறுவர் அரும்பொருளகமாகிவிட்டது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போக நல்ல இடந்தான். ஆனாலும் உறையோடு வந்து கேட்பவர்களைக் கைகாட்ட எனக்கு ஓரிடம் குறைந்துவிட்டது.

வாசகர்களுக்கு ஒன்று மட்டும் உடனே தெரிய வேண்டும். பழைய உறையிலிருந்து தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்காதீர்கள், விளிம்பைச் சீர்செய்யாதீர்கள், உள்ளே கடிதம் இருந்தால் அதை உறையிலிருந்து பிரிக்காதீர்கள். பின்புறத்தில் விழுந்திருக்கும் சேர்ந்த ஊர் முத்திரையையும் கப்பல் குறிகளையும் அழிக்காதீர்கள். என் நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். அவருடைய உறைக்குச் சந்தை விலை இல்லை என்று தெரிந்தபிறகு அவர் முகம் சற்று வாடியது உண்மை. ஆனால் பின்புறம் இருந்த காரைக்குடி முத்திரையின் தேதியையும் முன்புறத்துத் தேதியையும் ஒப்பிட்டு, பாட்டனாரின் கடிதம் ஊர் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் புறப்பட்டுப் போனார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் இடம்பெற்ற உறையின் உரிமையாளர் இசைந்தால், அதன் முன்புறத்தையும் பின்புறத்தையும் கத்தரிக்காமல், முத்திரையின் எழுத்துகள் படிக்கும் அளவுக்குப் பெரிதாக, வரும் ஞாயிறு இதழில் மறுபடி வெளியிடுங்கள். வெட்டிய ஓரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் மை அதைத் தாண்டியிருக்கிறதா என்பதும் தெரியும்படி படம் எடுத்தால் போதும். மற்றதை உங்கள் வாசகர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற எழுத்தர்,
ஈசூன், சிங்கப்பூர்